ஒரே தார், ஒரே இனிப்பு, வேறு வேறு பழம்: கடலூரில் செங்கல் பெட்டிக்குள் வாழை பழுக்க வைத்த அனுபவம்

ஒரே தாரில் அடுத்தடுத்து இருந்த இரண்டு சீப்பு ஏலக்கி வாழை. ஒன்றை இரும்புப் பீப்பாயில் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைத்தேன். மற்றதை ஈரமணல் சூழ்ந்த செங்கல் பெட்டிக்குள் வைத்தேன். சாற்றின் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பீப்பாய்ப் பழம் 23 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய 23 கிராம் சர்க்கரை) காட்டியது, பெட்டிப் பழம் 22. இனிப்பில் நாக்குக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. ஆனால் பெட்டிப் பழத்தை அடுக்களையில் உரித்தால் கூடத்தில் இருப்பவருக்கு வாசம் போகிறது. பீப்பாய்ப் பழத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாலும் லேசாகத்தான் மணக்கிறது. சாப்பிட்டால் இனிப்பாக இருக்கிறது, பழம் சாப்பிட்ட மாதிரி இல்லை.

இந்த வித்தியாசம் எங்கே உண்டாகிறது என்று பார்க்கத்தான் இந்தக் கோடையில் இத்தனை வேலையும் செய்தேன். பழக்கடையில் மஞ்சள் மஞ்சேரென்று வாங்கிவரும் சீப்பு வாயில் வைத்தால் வெறும் மாவும் சர்க்கரையுமாக இருப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான். மருந்து அடித்துப் பழுக்க வைக்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். மருந்தே போடாமல், கண்முன்னால் வெட்டிய தாரை வீட்டிலேயே பழுக்க வைத்தபோதும் எனக்கு அதே சப்பைப் பழம் கிடைத்தது. அதனால் அந்த விளக்கம் போதவில்லை.

கடலூரைச் சுற்றி வாழைக்குப் பஞ்சமில்லை. ராமாபுரம், ஒதியடிக்குப்பம், வழிசோதனைப்பாளையம் பக்கத்துச் செம்மண் மேட்டில் ஏலக்கியும் பூவனும் நிறைய. மாமாவின் கொல்லை அந்தப் பக்கம்தான். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தார் பைக்கிலேயே வந்துவிடும். ஒரு ஏலக்கித் தாரும், பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு மோரிஸ் தாரும் எடுத்துக்கொண்டேன். மோரிஸ் என்பது நீளமான பச்சைப்பழம், கேவண்டிஷ் இனம். இரண்டு இனமும் வேண்டும் என்று எடுத்தது நல்லதாகப் போயிற்று, காரணம் பின்னால் வருகிறது.

தார் வெட்டும்போதே முதல் விஷயம் தெரிந்தது. காயில் விளிம்புகள் கத்தி மாதிரி நிற்கிற தாரை நான் கைகாட்டினேன். மாமா வேண்டாம் என்றார். "அது லாரியில தூரம் போற தாரு. முக்கால் விளைச்சல்ல வெட்டுவோம், வழியில பழுத்துடக் கூடாதில்ல. வீட்டுக்குன்னா விளிம்பு மழுங்கட்டும்ப்பா, பூ நுனி காயட்டும்." அவர் காட்டிய தாரில் காய் உருண்டு திரண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று முக்கால் விளைச்சல் தாரிலிருந்தும் ஒரு சீப்பு கேட்டு வாங்கி வந்தேன்.

கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். 0 முதல் 32 பிரிக்ஸ் வரை காட்டும் கை ரிஃப்ராக்டோமீட்டர் ஆன்லைனில் 1,150 ரூபாய். வயர் நுனியில் சென்சார் உள்ள வெப்பமானி, ஈரப்பதமும் காட்டுவது, 380 ரூபாய். சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் பழைய இரும்புப் பீப்பாய் 900 ரூபாய். மருந்துக்கடையில் ஒரு சின்னப் பாட்டில் டிங்சர் அயோடின். அப்புறம் துணி உலர்த்தும் கிளிப். அதற்கு என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

ரிஃப்ராக்டோமீட்டரில் வாழைப்பழத்தை நேரடியாக வைத்துப் பார்க்க முடியாது, சாறு வராது. 20 கிராம் சதையை 20 மில்லி தண்ணீர் விட்டு மசித்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, இரண்டு சொட்டைக் கண்ணாடிமேல் விட்டுப் பார்த்தேன். வருகிற எண்ணை இரண்டால் பெருக்கினால் ஓரளவு சரியாக இருக்கும். பூஜ்யம் வைக்க வண்டி பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். குழாய்த் தண்ணீரில் வைத்தால் எங்கள் பகுதி உப்புக்கு எண் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.

அயோடின் சோதனையை எல்லோரும் ஒரு தடவை செய்து பார்க்கலாம். காயைக் குறுக்கே வில்லையாக நறுக்கி, அயோடினைத் தண்ணீர் கலந்து அதன்மேல் தடவினால் மாவுச்சத்து இருக்கிற இடம் கருநீலமாகும். பச்சைக் காயில் வில்லை முழுக்க மை கொட்டினது போலாகிறது. வாழைக்காயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறி ஓரிரு சதவீதம்தான் மிஞ்சும். பாதிப் பழுத்த வில்லையில் நடுப்பகுதி முதலில் வெளுத்து, கறுப்பு வட்டம் தோல் பக்கமாக ஒதுங்கி நிற்பது பார்க்க அழகாக இருந்தது. நன்றாகப் பழுத்ததில் அயோடினின் பழுப்பு நிறம் மட்டும்தான் நிற்கும்.

முதல் வேலை பீப்பாய் மூட்டம். ஊரில் காலங்காலமாகச் செய்வதுதான்: சீப்புகளை வைக்கோல் பரப்பி அடுக்கி, ஓரத்தில் ஒரு சட்டியில் வறட்டியும் வைக்கோலும் புகைய விட்டு, மூடி, சந்துகளில் மண் பூசிவிடுவது. அரைகுறையாக எரிகிற புகையில், காயைப் பழுக்கத் தூண்டும் எத்திலின் என்ற வாயு இருக்கிறது. பழம் தானே விடுகிற வாயுவும் அதுதான். 1934ல் ரிச்சர்ட் கேன் என்பவர் ஆப்பிள் எத்திலினை வெளிவிடுகிறது என்று நிரூபித்தார். நம் ஊர் மூட்டத்தின் வேலையும் அதே வாயுவால்தான் நடக்கிறது.

கொட்டகைக்குள் வைத்தும் அக்னி நட்சத்திர வெயிலில் பீப்பாய் காய்ந்தது. வெளியே 38 டிகிரி, உள்ளே சென்சார் 41 காட்டியது. மறுநாள் மாலைக்குள் ஏலக்கி மஞ்சளாகிவிட்டது. மோரிஸ் மட்டும் பச்சையாகவே இருந்தது. இன்னும் காய்தான் என்று நினைத்து அழுத்தினேன், கட்டைவிரல் தோலோடு உள்ளே இறங்கியது. நறுக்கி அயோடின் தடவினால் கறுப்பே ஏறவில்லை. மாவு முழுவதும் சர்க்கரையாகி இருந்தது. கேவண்டிஷ் இனத்துக்கு இப்படி ஒரு குணம் உண்டு. சூடு அதிகமானால் தோலில் இருக்கும் பச்சையம் சிதைவது தடைப்படுகிறது, உள்ளே சதை மட்டும் பழுத்துக்கொண்டே போகிறது. நம் பக்கத்தில் கோடையில் பச்சைத் தோலோடு பழம் விற்பதற்கு இதுவே பெரிய காரணம். நிறத்தைப் பார்த்துப் பழமா காயா என்று சொல்ல முடியாது என்பதை அன்று கையாலேயே தெரிந்துகொண்டேன்.

வாசத்துக்கு வருவோம். ஏலக்கி, மோரிஸ் இரண்டுமே வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி மணந்தன. இனிப்பு 23. ஆனால் வாழைப்பழ வாசம் என்று நாம் சொல்கிற அந்தக் கூர்மையான மணம் இல்லை.

சூடுதான் பிரச்சினை என்று, பீப்பாயை வேப்பமரத்து நிழலுக்கு நகர்த்தி, ஈரச்சாக்கு சுற்றினேன். புகை வேண்டாம் என்று முடிவுசெய்து, எத்திலினுக்காக இரண்டு கனிந்த முலாம்பழத்தை உள்ளே வைத்தேன். முலாம்பழம் எத்திலினை நிறைய விடுகிற பழம், கோடையில் சாலையோரத்தில் மலிவாகவும் கிடைக்கும். வாயு வெளியே போகக்கூடாது என்று மூடியில் பாலித்தீன் போட்டு இறுக்கிக் கட்டினேன். உள்ளே 33, 34 டிகிரி வந்தது. பழமும் பழுத்தது. திறந்தபோது உள்சுவரெல்லாம் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது, குப்பென்று கள் வாடை அடித்தது. கூடவே நெயில் பாலிஷ் வாடை.

காயும் மூச்சுவிடுகிறது, ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. பழுக்கத் தொடங்கியதும் மூச்சு வேகம் பல மடங்கு ஏறும். காற்று போக வழியில்லாமல் அடைத்தால் சதைக்குள்ளேயே சாராயச் சத்து உண்டாகி, அது அசிட்டிக் அமிலத்தோடு சேர்ந்து எத்தில் அசிடேட் ஆகிறது. நெயில் பாலிஷ் வாடை அதுதான். ஆக, பழம் பழுக்க எத்திலினும் வேண்டும், நல்ல காற்றும் வேண்டும். மூட்டத்தைப் பிரிக்காமல் அடைத்தே வைத்திருந்தால் வாசம் கெடுவதற்கும் இதுதான் காரணம்.

இந்தக் கட்டத்தில் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, வாசமும் ருசியும் எவ்வளவு வேறு என்று வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்தேன். துணி கிளிப் இதற்குத்தான். மூக்கில் கிளிப் போட்டு, கண்ணைக் கட்டி, நல்ல ஏலக்கியையும் பீப்பாய் ஏலக்கியையும் மசித்துக் கரண்டியில் கொடுத்தேன். யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ரெண்டும் இனிப்பா இருக்கு, கொழகொழன்னு இருக்கு" என்றார் அம்மா. வாயில் இருக்கும்போதே கிளிப்பை எடுத்தேன். "ஆங், இது ஏலக்கி!" என்று உடனே நல்ல பழத்தைச் சொல்லிவிட்டார். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் பருப்பு ரசத்திலும் காளானிலும் வருகிற அந்த உமாமி ருசி. பழத்தின் மணம் வாயிலிருந்து தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்குக்குப் போகிறது. அதையும் சேர்த்துத்தான் பழ ருசி என்கிறோம்.

அன்றைக்கு வீட்டில் இருந்த மற்றப் பழங்களையும் கொடுத்துப் பார்த்தேன். விதையில்லாப் பச்சைத் திராட்சை கிளிப் போட்டாலும் எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான், இனிப்பும் புளிப்பும். கம்பம் பக்கத்திலிருந்து வருகிற பன்னீர் திராட்சையில் கிளிப்பை எடுத்ததும் முகமே மாறுகிறது. அதில் லினலூல், ஜெரானியால் என்ற வாசப் பொருள்கள் இருக்கின்றன. ஜெரானியால் ரோஜாவிலும் இருப்பது. முலாம்பழத்தின் மணம் எஸ்டர் என்ற வகைப் பொருள்களால் வருவது. வாழை, பலா, அன்னாசி, ஆப்பிள் மணக்கிறதும் பெரும்பாலும் அந்த வகையால்தான். தர்பூசணி முலாம்பழத்துக்குச் சொந்தக்காரப் பழம், ஒரே வண்டியில்தான் விற்கிறார்கள், ஆனால் அதன் வாசப் பொருள்கள் பெரும்பாலும் வேறு வகை. வெள்ளரிப்பிஞ்சின் பச்சை வாசத்துக்கு மிக நெருக்கமானவை. தர்பூசணி எத்தனை இனித்தாலும் அதைப் பழ மணம் என்று சொல்லத் தோன்றாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. விளாம்பழம் வீடெல்லாம் மணக்கும், வெல்லம் போடாமல் சாப்பிட முடியாது. கோடையில் விற்கும் வெடித்த வெள்ளரிப்பழத்திலும் மணம் இருக்கிறது, இனிப்பு கிடையாது. நாட்டுச் சர்க்கரை தூவித்தான் உண்கிறோம். பேரீச்சை கிட்டத்தட்ட சர்க்கரையே, ஆனால் அதில் பழ மணம் தேட வேண்டும். கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் எல்லாம் தாவரக் கணக்கில் பழம்தான், பிஞ்சிலேயே பறித்துச் சமைக்கிறோம். விதை முற்றி, மிருகமும் பறவையும் வந்து தின்னட்டும் என்று செடி கூப்பிடுகிற காலத்தில்தான் பழம் மணக்கும். பிஞ்சாக இருக்கும்போது அது யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

இதெல்லாம் தெரிந்தபின் வேலை தெளிவாயிற்று. சர்க்கரை எப்படியும் வந்துவிடுகிறது, சூட்டிலும் வருகிறது, அடைத்து வைத்தாலும் வருகிறது. மணத்துக்கு மிதமான சூடு, நல்ல காற்று, கொஞ்சம் அவகாசம் வேண்டும். வணிகப் பழுக்கவைப்பு அறைகளில் வாழைக்கு 16 முதல் 18 டிகிரி வைக்கிறார்கள், ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். ஏசி இல்லாமல் அதற்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களில் மின்சாரம் இல்லாத குளிர்ப்பெட்டி ஒன்றை உருவாக்கினார்கள். இரட்டைச் செங்கல் சுவர், நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஈரமணல். மணலின் ஈரம் செங்கல் வழியாக வெளியே ஆவியாகும்போது உள்ளே குளிரும். சிமெண்ட் வேண்டாம், செங்கலைச் சும்மா அடுக்கினால் போதும். பூசினால் ஈரம் வெளியே வராது. அவர்கள் அளவைச் சுருக்கி, உள்ளளவு 3 அடிக்கு 2 அடி, உயரம் 2 அடி என்று வைத்துக்கொண்டேன். வெளியளவு 5 அடிக்கு 4 அடி வந்தது. தரைக்கும் சேர்த்து 380 செங்கல் பிடித்தது. இடித்த பழைய சுவரின் செங்கல் 180 கொல்லையில் கிடந்தது, 200 வாங்கினேன்.

செலவு: செங்கல் 9 ரூபாய் வீதம் 1,800. மணல் 8 கன அடி 520. மூடிச் சட்டத்துக்கு மூங்கில் 400. சாக்கு 150. மேலே நிழலுக்குத் தென்னங்கீற்று 300. சொட்டுநீர்க் குழாய் 120. வண்டிக்கூலி 400. மொத்தம் 3,690 ரூபாய்.

மணல் விஷயத்தில் கவனம் வேண்டும். எனக்குக் கிடைத்தது எம்-சாண்ட், பாறையை உடைத்துச் செய்கிற மணல். அதில் இருக்கும் தூள் தண்ணீர் பட்டதும் இறுகி அடைத்துக்கொண்டது. மேலே விடுகிற தண்ணீர் கீழே இறங்காமல் செங்கல் சந்து வழியாக வழிந்தது. எல்லாவற்றையும் அள்ளி, பக்கெட்டில் போட்டு அலசி, கலங்கல் போகிற வரை ஊற்றி, மறுபடி நிரப்பினேன். அதற்கப்புறம் சொட்டுக் குழாயில் விடுகிற தண்ணீர் சுவர் முழுக்கச் சீராக ஊறியது. நாளைக்கு ஏறக்குறைய 15 லிட்டர் குடிக்கிறது. சுவரைக் கையால் தொட்டால் ஜில்லென்று, ஆனால் தண்ணீர் வழியாமல் இருக்க வேண்டும். அதுதான் சரியான பதம்.

கடற்கரை ஊரில் இது வேலை செய்யுமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாகாது. மீட்டரை வைத்துப் பார்த்ததில் பதில் காற்றைப் பொறுத்தது. மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கிற நாளில் வெளியே 39, உள்ளே 28; பதினொரு டிகிரி இறக்கம். கடல்காற்று சீக்கிரமே உள்ளே வந்துவிட்ட நாளில் வெளியே 33, உள்ளே 29, நாலு டிகிரிதான். நல்லவேளை, காற்று வறண்டு கொதிக்கிற நாளில்தான் நமக்குக் குளிர்ச்சி அதிகம் தேவை, அன்றுதான் பெட்டியும் நன்றாக வேலை செய்கிறது. மணலும் செங்கலும் கனமாக இருப்பதால் இரவு பகல் ஏற்ற இறக்கமும் உள்ளே தெரியவில்லை. 16 டிகிரிக்கெல்லாம் இதில் வழியே இல்லை. 28, 29 கிடைத்தது, பீப்பாயின் 41க்கு அது எவ்வளவோ மேல்.

பெட்டிக்குள் சீப்புகளை முலாம்பழத்தோடு வைத்தேன். காலையும் மாலையும் மூடியைத் திறந்து கால் மணி நேரம் விசிறியால் காற்றை மாற்றினேன். கள் வாடை வரவில்லை. வந்தது பூஞ்சணம். உள்ளே ஈரப்பதம் 93, 94 நின்றதால் சீப்பை வெட்டிய காம்பில் வெள்ளைப் பஞ்சு பிடித்து, அங்கிருந்து கறுப்பு இறங்கியது. ஈரச்சாக்கு பழத்தின்மேல் பட்ட இடமெல்லாம் புள்ளி. அடுத்த சுற்றில் சீப்பைப் பிரித்ததும் பால் வடிய வாழையிலைமேல் கவிழ்த்து வைத்து, வெட்டுவாயில் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவி, நிழலில் காய்ந்தபின் உள்ளே வைத்தேன். தரையில் மூங்கில் பத்தைகளைப் பரப்பி, பழத்துக்கு அடியில் காற்றுப் போக இடம் விட்டேன். சாக்கைச் சட்டத்துக்கு மேலே ஏற்றினேன். பூஞ்சணம் நின்றுவிட்டது.

அப்படிப் பழுத்ததுதான் தொடக்கத்தில் சொன்ன 22 பிரிக்ஸ் ஏலக்கி. பீப்பாயைவிட மூன்று மடங்கு காலம் எடுத்துக்கொண்டது. தோல் மெலிந்து, பொன்மஞ்சளில் பழுப்புப் புள்ளி விழத் தொடங்கிய அன்று மணம் உச்சத்தில் இருந்தது. முழு மஞ்சளான உடனே தின்றால் பாதி மணம்தான். புள்ளி விழுகிற வரை பொறுக்க வேண்டும். மோரிஸ் இதிலும் முழு மஞ்சளாகவில்லை, பசுமை கலந்த மஞ்சளோடு நின்றது. அந்த இனத்துக்கு 28 டிகிரியும் சூடுதான். ஆனால் வாசம் வந்துவிட்டது, அதுதானே வேண்டியது.

முக்கால் விளைச்சல் சீப்பையும் இதே பெட்டியில்தான் வைத்தேன். அதுவும் பழுத்தது, 19 பிரிக்ஸ். மணம் அரைகுறை. பழம் மணத்தை வெளியிலிருந்து வாங்குவதில்லை, தன் சதையில் சேர்த்து வைத்த பொருள்களை உடைத்துச் செய்கிறது. வாழைப்பழ மணத்தில் முக்கியமான ஐசோ அமைல் அசிடேட், புரதத்தில் இருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருவது. சேர்த்து வைக்க நாள் கொடுக்காமல் வெட்டிவிட்டால் பெட்டியால் அதை ஈடுகட்ட முடியவில்லை. கடைப் பழத்தில் மணம் குறைவதற்கு எத்திலினைக் குறைசொல்வதை நான் இதோடு விட்டுவிட்டேன். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில், காயைப் பழுக்க வைக்கப் போடும் கால்சியம் கார்பைடு கல்லுக்குத் தடை, எத்திலின் வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) வரை அனுமதி. கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் அந்தத் தடை மிக நியாயமானது, யாரும் வீட்டில் அதைத் தொடவே கூடாது. எத்திலின் அப்படியல்ல, பழத்தின் சொந்த வாயு. என் கணக்கில் மணத்தைக் கெடுப்பது சீக்கிரம் வெட்டுவதும், சூட்டில் அவசரமாகப் பழுக்க வைப்பதும்தான்.

ஐசோ அமைல் அசிடேட்தான் வாழை மணம் என்றால் அதை மட்டும் ஊற்றிப் பார்க்கலாமே என்று வாழைப்பழ எசன்ஸ் ஒரு பாட்டில் வாங்கினேன். நூறு மில்லி தண்ணீரில் 22 கிராம் சர்க்கரை கரைத்து ஒரு சொட்டு விட்டேன். அசல் மிட்டாய் வாசம். கால் மூடி எலுமிச்சை பிழிந்ததும் கொஞ்சம் பழத்துக்குப் பக்கத்தில் வந்தது. புளிப்பில்லாத மணத்தைப் பழம் என்று ஏற்க நம் வாய் தயங்குகிறது. ஆனாலும் ஏலக்கி ஆகவில்லை. நிஜப் பழத்தில் ஒரு வாசப் பொருள் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது. கிராம்பின் வாசத்தைக் கொடுக்கும் யூஜினால்கூட வாழைப்பழத்தில் உண்டு.

பழுத்த சீப்பை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிர்க்காயம் பட்டுத் தோல் கறுக்கிறது. தக்காளியில் இதைப் புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2016ல் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு வாரம் குளிரில் வைத்த தக்காளியில் சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருந்தன, மணம் செய்கிற மரபணுக்கள் அடங்கிப்போய் வாசம் மட்டும் குறைந்தது. என் பீப்பாயில் சூட்டால் நடந்ததும் அங்கே குளிரால் நடந்ததும் முடிவில் ஒன்றுதான்: சர்க்கரை நிற்கிறது, மணம் போகிறது. தக்காளியை இப்போது கூடையில் வெளியேதான் வைக்கிறோம், அன்றன்றைக்கு வேண்டியதை வாங்குகிறோம்.

பண்ருட்டியிலிருந்து ஒரு சின்னப் பலாவும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். பலா நன்றாகப் பழுத்தது, சுளையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கூட இருந்த வாழைச் சீப்பெல்லாம் பலாவாக மணந்தது, சாக்கிலும் மூங்கிலிலும் ஏறிய வாசம் கழுவியும் போகவில்லை. பலாவைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். அதற்கு இந்தப் பெட்டியே தேவையில்லை, நிழலான மூலையும் சாக்கும் போதும் என்று தோன்றுகிறது. பெரிய பழத்தின் உட்பகுதி அவ்வளவு சீக்கிரம் சூடேறுவதில்லை.

அடுத்த கோடைக்கு மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. பெட்டியை அரையடி தரைக்குள் இறக்கினால் இன்னும் ஒரு டிகிரியாவது குறையும் என்று எதிர்பார்க்கிறேன். மூடியில் இரண்டு பக்கமும் கொசுவலை அடித்த துளை வைத்தால் காலையும் மாலையும் திறந்து விசிறுகிற வேலை மிச்சம். எம்-சாண்டை அலசுவதற்குப் பதில் ஆற்று மணல் கிடைத்தால் காசு கூடினாலும் வாங்கிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே நனைந்திருக்கும்போது இந்தப் பெட்டி சும்மாதான் கிடக்கும். மார்கழி, தையில் வெளிச்சூடே தணிந்துவிடுவதால் வைக்கோல் பரப்பிய கூடையிலேயே நல்ல பழம் வர வேண்டும். அதைப் பூவனில் பார்க்கப் போகிறேன், பூவனில் புளிப்பும் இருப்பதால் மணம் எப்படித் தெரிகிறது என்று அளக்க ஆசை. மாமாவிடம் விளிம்பு மழுங்கும் வரை ஒரு தாரை விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். புயல் வராமல் இருந்தால் தை பிறந்ததும் வெட்டலாம் என்றார்.